உங்கள் சேர்வர் ஏன் ‘மட்ட’ என்று மட்டும் காட்டுகிறது? சிறு வெப் சேர்வர் எழுதுபவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பைதான் என்ற நிரல்மொழியில் ஒரு தாளுக்குள் அடங்கும் அளவில் வெப் சேர்வர் ஒன்றை எழுதிவிடலாம். போல்டரில் கிடக்கும் பக்கங்களையும் படங்களையும் கேட்டவருக்கு அப்படியே எடுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. உயர்தர ஐசிடி பாடத்தில் பைதான் இருப்பதால் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் பிள்ளைகள் இதைத் தாங்களாகவே செய்து பார்க்கிறார்கள். ஊரைப் பற்றி நாலைந்து பக்கம் எழுதி, படங்கள் போட்டு, பாடசாலைக் கண்காட்சியில் இன்டர்நெட் இல்லாமலே வந்தவர்களின் போனில் காட்டுவது அநேகருக்குப் பிடித்த வேலை. எழுதும்வரை எல்லாம் சரியாகத்தான் போகும். ஓடவிட்ட பிறகுதான் வில்லங்கம் தொடங்கும். அந்த வில்லங்கங்களை அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போகலாம்.

அதற்கு முன் ஒன்று. இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை எழுத்தும் பைட்டும் (கணினி சேமிக்கும், 0 முதல் 255 வரையான ஓர் எண்) ஒன்று என்று நினைப்பதால் வருபவை. ஆங்கிலப் பக்கத்தை வைத்துச் சோதித்தால் இது வெளியே தெரியாது. அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு பைட், பிழை ஒளிந்துகொள்ளும். எழுத்தைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆகவே உங்கள் சேர்வரைச் சோதிக்கத் தமிழ்ப் பக்கம் ஒன்றும், தமிழில் பெயர் வைத்த பைல் ஒன்றும் கட்டாயம் வையுங்கள். அந்த இரண்டையும் ஒழுங்காகக் கொடுக்கும் சேர்வர் மற்றதையும் கொடுத்துவிடும்.

கட்டளைகளையும் ஹெடர்களையும் (கோரிக்கை, பதில் இவற்றின் முன்னால் போகும் குறிப்பு வரிகள்) இங்கே வாயால் சொல்வது போல எழுதியிருக்கிறேன். கோடில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

பிரவுசரை நம்பிப் பிழை தேடாதீர்கள். அது பழையதைச் சேமித்து வைத்துக் காட்டும், தானாகவே ஊகிக்கும், பிழையை மூடி மறைக்கும். சேர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் ‘கர்ல்’ கட்டளையை ‘வி’ என்ற விருப்பத்தோடு ஓடவிட்டால், நீங்கள் அனுப்பியதும் சேர்வர் திருப்பித் தந்ததும் வரி வரியாக வரும். வின்டோஸ் 10-இல் 2018-இலிருந்து கர்ல் கூடவே வருகிறது. பவர்ஷெல்லில் மட்டும் கவனம். அங்கே ‘கர்ல்’ என்று அடித்தால் சில வேளை வேறொரு கட்டளை ஓடும். பின்னால் ‘டொட் ஈஎக்ஸ்ஈ’ சேர்த்து அடியுங்கள்.

இன்னொன்று, பைதானோடு சேர்ந்தே வரும் ‘எச்டிடிபி டொட் சேர்வர்’ என்ற ஆயத்தச் சேர்வர். உங்கள் போல்டருக்குள் நின்று அதை ஓடவிட்டால் 8000-ஆம் போர்ட்டில் (கணினியில் சேர்வர் காத்திருக்கும் வாசலின் எண்) திறக்கும். அதிலும் அதே கோளாறு இருந்தால் குற்றம் பைலிலோ வைபையிலோ இருக்கிறது. அதில் சரியாக வந்து உங்களுடையதில் வராவிட்டால் குற்றம் உங்கள் கோடில். கோடைப் புரட்டிப் போட முன் இதைச் செய்து பாருங்கள்.

சேர்வர் அனுப்பும் பதிலின் உருவமும் மனதில் இருக்க வேண்டும். முதல் வரியில் எச்டிடிபி (பிரவுசரும் சேர்வரும் பேசிக்கொள்ளும் முறை) பதிப்பும் 200 (சரி) அல்லது 404 (பைல் இல்லை) போன்ற எண்ணும். அடுத்து ஹெடர்கள், வரிக்கு ஒன்று. பிறகு ஒரு வெற்று வரி. அதற்குப் பிறகுதான் பைலின் பைட்டுகள். பைலுக்கு முன்னால் உள்ள ஒவ்வொரு வரி முடிவும் இரண்டு பைட், 13-உம் 10-உம்.

சேர்வர் தொடங்கவே மறுக்கிறது

‘முகவரி ஏற்கெனவே பாவனையில் உள்ளது’ என்ற பொருளில் ஒரு பிழை வரும். லினக்ஸில் அதன் எண் 98, மக்கில் 48, வின்டோஸில் 10048. காரணம் இரண்டில் ஒன்று. பழைய சேர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். லினக்ஸில் நிறுத்துவதற்கு கொன்ட்ரோல்-சி-க்குப் பதிலாக கொன்ட்ரோல்-இசட் அழுத்தினால் புரோகிராம் சாகாது, உறங்கும். உறங்கிக்கொண்டே போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். லினக்ஸில் ‘எஸ்எஸ்’, வின்டோஸில் ‘நெட்ஸ்டாட்’ கொண்டு அந்தப் போர்ட்டை யார் வைத்திருக்கிறார் என்று பார்த்து அதை நிறுத்துங்கள்.

யாருமே வைத்திருக்கவில்லை என்றால் காரணம் டைம்-வெயிட். முடிந்துபோன இணைப்பை லினக்ஸ் 60 செக்கன் வரை நினைவில் வைத்திருக்கும். ‘பைண்ட்’ செய்வதற்கு (போர்ட்டைப் பிடிப்பதற்கு) முன் ‘ரீயூஸ் அட்ரஸ்’ விருப்பத்தைப் போட்டால் தீரும். முன் என்பது முக்கியம், பிறகு போட்டால் பிரயோசனம் இல்லை.

வின்டோஸில் அதே விருப்பத்தின் நடத்தை வேறு. அங்கே அதைப் போட்டால் இரண்டு சேர்வர் ஒரே போர்ட்டில் ஒன்றாகவே ஏறிக்கொள்ளும், எது பதில் சொல்லும் என்று சொல்ல ஏலாது. ‘கோடை மாத்தினேன், ஒரு மாற்றமும் இல்லை’ என்று மண்டை காய்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். வின்டோஸில் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

அனுமதி இல்லை என்று 13 அல்லது 10013 வந்தால் போர்ட் எண்ணைப் பாருங்கள். லினக்ஸில் 1024-க்குக் கீழ் உள்ள போர்ட்டுகளைச் சாதாரண பயனர் திறக்க முடியாது. 80-ஐ விட்டுவிட்டு 8080 போடுங்கள். அதற்காக ரூட் (எல்லா அனுமதியும் உள்ள பயனர்) ஆகி ஓடவிட வேண்டாம். ஏன் என்பது கடைசிப் பகுதியில் வருகிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கர்ல் பக்கத்தைக் காட்டும், குரோம் மட்டும் பாதுகாப்பற்ற போர்ட் என்று சொல்லித் திறக்காது. 5060, 6000, 6667 போன்ற சில எண்கள் வேறு சேவைகளுக்கு உரியவை என்று பிரவுசர்கள் தாமாகவே மறிக்கின்றன. எண்ணை மாற்றினால் சரி.

‘சேர், லப்டொப்ல வருது, போன்ல வருதில்ல’

கண்காட்சி நாளில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். படிப்படியாகத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

‘பைண்ட்’ வரியில் 127.0.0.1 அல்லது லோக்கல்ஹோஸ்ட் இருந்தால் அந்த லப்டொப் தனக்குத்தானே மட்டும் பேசும். அங்கே 0.0.0.0 போட வேண்டும். ஆனால் போனில் அடிக்க வேண்டியது 0.0.0.0 அல்ல. வைபையில் லப்டொப்புக்குக் கிடைத்த முகவரியை அடிக்க வேண்டும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். வின்டோஸில் ‘ஐபிகொன்பிக்’ அதைக் காட்டும். ரவுட்டரை நிறுத்திப் போட்டால் அல்லது ஹொட்ஸ்பொட் மாறினால் இந்த முகவரியும் மாறலாம். முதல்நாள் இரவே சுவரில் அச்சடித்து ஒட்டிவிட்டு மறுநாள் தலையைச் சொறிய வேண்டாம்.

முகவரி சரி என்றால் அடுத்த ஆள் வின்டோஸின் பயர்வால். பைதான் முதல் முறை போர்ட் திறக்கும்போது அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். அவசரத்தில் கான்சல் அழுத்தினால், ‘பைதானை மறி’ என்று விதியே எழுதிவிடும், அதற்குப் பிறகு கேட்காது. பயர்வால் அமைப்புக்குள் போய் அந்த விதியை எடுத்துவிட வேண்டும். அனுமதி கொடுத்திருந்தாலும் அது ‘பிரைவேட்’ வலைக்கு மட்டுமாக இருக்கலாம். புதிதாக இணைத்த ஹொட்ஸ்பொட்டை வின்டோஸ் அநேகமாக ‘பப்ளிக்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

இதுவும் சரியா? அப்படியானால் போனைப் பாருங்கள். மண்டபத்து வைபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் அன்ட்ரொய்ட் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். மேலே வைபை அடையாளம் இருக்கும், கோரிக்கையோ கோபுரம் வழியாகப் போகும். 192.168 முகவரியை அங்கே யாருக்கும் தெரியாது. டேட்டாவை அணைத்துவிட்டு முயலச் சொல்லுங்கள். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் இணைப்பிலேயே இருக்கவா என்று போன் கேட்டால் ஆம் என்று கொடுக்கலாம். பாடசாலை அல்லது விருந்தினர் வைபையில் இன்னுமொரு தடை இருக்கும். ஒரு கருவி மற்றதைக் காணாதபடி ரவுட்டரே பிரித்து வைத்திருக்கும். அங்கே மினக்கெடாமல் ஒரு போனில் ஹொட்ஸ்பொட் போட்டுவிடுங்கள். பக்கங்கள் போனுக்கும் லப்டொப்புக்கும் இடையில்தான் போய்வரும், டேட்டா கரையாது.

சேர்வரின் திரையில் விளங்காத குப்பை பைட்டுகள் வந்து விழுகின்றனவா? முதல் மூன்றும் 22, 3, 1 என்றால் அது எச்டிடிபிஎஸ். போனின் பிரவுசர் பூட்டுப் போட்ட இணைப்பைக் கேட்கிறது, உங்கள் சேர்வருக்கு அது தெரியாது. முகவரியின் முன்னால் எச்டிடிபி என்று முழுதாக அடித்துத் திறக்க வேண்டும். அதோடு, அந்தக் குப்பையை எழுத்தாக மாற்றப் போய் உங்கள் புரோகிராமே விழுந்துவிடாதபடி பிழையைப் பிடித்து இணைப்பை மூடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் தவறாக அடித்ததற்கு மண்டபமே பக்கம் இல்லாமல் நிற்கும்.

பக்கம் வருகிறது, ஆனால் சுற்றிக்கொண்டே இருக்கிறது

எச்டிடிபி 1.1-இல் இணைப்பு தானாக மூடாது. அடுத்த கோரிக்கைக்காகத் திறந்தே இருக்கும். பதிலின் நீளத்தைச் சொல்லும் ‘கன்டென்ட்-லெங்த்’ ஹெடரும் இல்லை, நீங்கள் சொக்கெட்டை (இணைப்பின் உங்கள் பக்க முனையை) மூடவும் இல்லை என்றால், பதில் முடிந்ததா என்று பிரவுசருக்குத் தெரிய வழி கிடையாது. காத்திருக்கத்தான் செய்யும். நீளத்தையும் சொல்லுங்கள், ‘கனெக்ஷன்: க்ளோஸ்’ என்றும் சொல்லுங்கள், அனுப்பி முடிந்ததும் மூடியும் விடுங்கள். ஆரம்பச் சேர்வருக்கு இது போதும்.

சுற்றல் எப்போதாவதுதான் வருகிறது, இரண்டாவது டாப் திறந்தால் வருகிறது என்றால் கதை வேறு. குரோம் போன்ற பிரவுசர்கள் பிறகு தேவைப்படலாம் என்று ஓர் இணைப்பை முன்கூட்டியே திறந்து, ஒன்றும் அனுப்பாமல் வைத்திருக்கும். உங்கள் சேர்வர் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் கவனிப்பதாக இருந்தால், அந்த வாய் திறக்காத இணைப்பின் முன்னால் கைகட்டி நிற்கும். பின்னால் உண்மையான கோரிக்கை வரிசையில் கிடக்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு திரெட் (தனியாக ஓடும் வேலை ஓட்டம்) கொடுங்கள், சொக்கெட்டுக்கு ஐந்து செக்கன் டைம்அவுட்டும் வையுங்கள். இரண்டும் சேர்ந்து நாலைந்து வரிதான்.

பக்கமே வராமல், பதில் செல்லாது என்று குரோம் சொல்கிறதா? கர்லில் பார்த்தால் எச்டிடிபி 0.9 வந்தது என்று முறையிடும். 1991-இல் இருந்த அந்த முதல் வடிவத்தில் ஹெடரே கிடையாது. உங்கள் பதிலின் முதல் வரி சரியில்லாததால் கர்ல் அப்படி நினைத்துக்கொள்கிறது. அநேகமாக மூன்று மேற்கோள் குறிக்குள் பதிலை அழகாகப் பல வரியில் எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதும்போது தொடக்கத்தில் ஒரு வெற்று வரி புகுந்துவிடும், ஒவ்வொரு ஹெடருக்கும் முன்னால் நாலு இடைவெளி ஒட்டிக்கொள்ளும், வரி முடிவில் 13 இல்லாமல் 10 மட்டும் இருக்கும். ஹெடர்களை ஒரு பட்டியலில் வைத்து, 13-10 கொண்டு இணைத்து, கடைசியில் இன்னொரு 13-10 சேர்ப்பதுதான் நேரான வழி. அந்தக் கடைசி வெற்று வரி விடுபட்டால் உங்கள் பக்கத்தின் முதல் வரிகளை ஹெடர் என்று நினைத்துப் பிரவுசர் விழுங்கிவிடும்.

இணைப்பு அறுந்தது என்று வந்தால், கோரிக்கையை முழுதாக வாசிக்காமலே நீங்கள் மூடியிருக்கலாம். 1024 பைட் ஒரு தடவை வாசித்தால் போதும் என்று பல பாடங்களில் இருக்கும். லோக்கல்ஹோஸ்டில் முன்னர் செய்த மற்றப் புரொஜெக்டுகளின் குக்கிகளும் (பிரவுசர் சேமித்து வைத்துக் கோரிக்கையோடு அனுப்பும் சிறு குறிப்புகள்) உங்கள் சேர்வருக்கே வந்து சேரும் என்பதை அவை சொல்வதில்லை. குக்கிக்குப் போர்ட் பேதம் கிடையாது. அப்படி வீங்கிய கோரிக்கை 1024-ஐத் தாண்டிவிடும். 13-10-13-10 என்ற நாலு பைட்டும் வரும்வரை சுற்றில் வாசியுங்கள். எதற்கும் மேல் எல்லை ஒன்று வையுங்கள், 16 கிலோபைட் தாராளம்.

‘மட்டக்களப்பு’ என்று எழுதினேன், ‘மட்ட’ மட்டும் வருகிறது

இதை ஒருமுறை கையால் எண்ணிப் பார்த்தால் பிறகு மறக்காது. ‘மட்டக்களப்பு’ என்று எழுதும்போது கண்ணுக்கு எட்டு எழுத்து. யுனிகோடில் புள்ளியும் உகரக் கொம்பும் தனித்தனிக் குறி என்பதால் பைதானின் ‘லென்’ 12 என்று சொல்லும். கம்பியில் போவது 12 தரம் 3, அதாவது 36 பைட். நீங்கள் ‘கன்டென்ட்-லெங்த்’ ஹெடரில் 12 என்று போட்டால் பிரவுசர் சொன்ன சொல் தவறாமல் 12 பைட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். 12 பைட்டுக்குள் அடங்குவது நாலு குறி: ம, ட, புள்ளி, ட. அதுதான் அந்த ‘மட்ட’.

முழுப் பக்கத்தில் இது இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. எச்டிஎம்எல் குறிகள் ஆங்கிலம் என்பதால் ஒரு பைட், இடையில் உள்ள தமிழ் மூன்று பைட். ஆகவே பக்கத்தின் வால் மட்டும் காணாமல் போகும். கடைசிப் பந்தி இல்லை, அடியில் போட்ட படம் இல்லை என்பது போலத் தெரியும். கூடுதலாகத் தமிழ் எழுதிய பக்கத்தில் கூடுதலாக வெட்டுப்படும். கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், மூன்று பைட்டின் நடுவில் வெட்டு விழுந்திருக்கிறது.

திருத்தம் ஒரே வரி. முதலில் ‘என்கோட்’ செய்து பைட்டாக்குங்கள், பிறகு அந்தப் பைட்டுகளை எண்ணுங்கள். பைலைப் பைட்டாகவே வாசித்தால் இந்தக் கேள்வியே எழாது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. நீளத்தைப் பைலின் அளவிலிருந்து எடுத்து, உள்ளடக்கத்தை எழுத்து முறையில் வாசித்தால், வின்டோஸில் எழுதிய பைலின் 13-10 இரண்டும் ஒன்றாகச் சுருங்கிவிடும். சொன்னதைவிட அனுப்புவது குறையும். பிரவுசர் வராத பைட்டுக்காகக் காத்திருந்து நீளம் பொருந்தவில்லை என்று முறையிடும்.

பெரிய படங்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன என்றால் ‘சென்ட்’ என்பதற்குப் பதிலாக ‘சென்ட்ஆல்’ பாவியுங்கள். ‘சென்ட்’ கொடுத்ததில் ஒரு பகுதியை மட்டும் அனுப்பிவிட்டு எவ்வளவு அனுப்பினேன் என்று எண் சொல்லும், அதை யாரும் பார்ப்பதில்லை.

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வேறேதோ

வேறேதோ என்றால் என்னவென்று உற்றுப் பாருங்கள். மருந்து அதைப் பொறுத்தது.

தலையில் கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, அதுவே திரும்பத் திரும்ப வந்தால் பைல் சரியான யுடிஎஃப்-8. பிரவுசர்தான் அதைப் பழைய மேற்கத்திய எழுத்து முறையாகப் படிக்கிறது. ‘ம’ என்பது 224, 174, 174 என்ற மூன்று பைட். அந்த முறையில் 224 கோடு போட்ட ஏ, 174 வட்டத்து ஆர். ‘கன்டென்ட்-டைப்’ ஹெடரில் டெக்ஸ்ட்-எச்டிஎம்எல் என்பதோடு ‘சார்செட் யுடிஎஃப்-8’ என்று சேர்த்தால் முடிந்தது. பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா குறியும் போட்டு வையுங்கள், பென்டிரைவிலிருந்து நேரே திறப்பவர்களுக்கு உதவும்.

கே, எல், அரைப்புள்ளி, எல், எஃப், அரைப்புள்ளி என்று சாதாரண ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து வந்தால் அது பாமினி. நம் பகுதி அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் காலங்காலமாக அந்த எழுத்துருவில்தான் அடித்தார்கள். பழைய ஆண்டுமலர், கோயில் மலர் என்று யாராவது தந்த கட்டுரையை ஒட்டினால் இப்படித்தான் வரும். சேர்வரில் தேட வேண்டாம். பைலில் இருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்து, பாமினி எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் போட்டிருந்தது. யுனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றி ஒன்றில் போட்டு எடுத்து, ஒருமுறை கண்ணால் வாசித்துத் திருத்துங்கள். இடையில் உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிவிடும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

வெறும் கேள்விக்குறி வரிசை என்றால் கைவிடுங்கள். தமிழ் தெரியாத முறையில் சேமித்தபோதே எழுத்து அழிந்துவிட்டது. மூலப் பிரதியைத் தேடுங்கள். பைலின் முதல் இரண்டு பைட்டும் 255, 254 என்றால் பழைய நோட்பேடில் ‘யுனிகோட்’ என்ற தெரிவில் சேமித்தது, அது யுடிஎஃப்-16. திறந்து யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் சரி.

பக்கம் வராமல் புரோகிராமே விழுந்து, 141-ஆம் எண் பைட்டைப் படிக்க முடியவில்லை என்று வின்டோஸில் சொல்கிறதா? பிழைச் செய்தியில் அது பதினாறின் அடியில், 8-உம் ‘டி’-யும் என்று இருக்கும். அது நமது புள்ளி. புள்ளியின் மூன்று பைட்டுகளில் கடைசி 141. எழுத்து முறை சொல்லாமல் பைலைத் திறந்தால் வின்டோஸில் பைதான் அநேகமாக அந்த மேற்கத்திய முறையை எடுத்துக்கொள்ளும். அதில் 141-க்கு எழுத்தே இல்லை. புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு பக்கம் எழுதுவது அரிது, ஆகவே அநேகமாகத் தமிழ்ப் பைல் ஒவ்வொன்றிலும் விழும். ஆங்கிலப் பக்கம் மட்டும் வைத்திருக்கும் நண்பரின் லப்டொப்பில் அதே கோட் அழகாக ஓடும். ‘ஆர்பி’ என்று பைட் முறையில் திறவுங்கள். படங்கள் உடைந்து தெரிவதற்கும் இதே மருந்துதான்.

பக்கம் வருகிறது, அலங்காரம் வரவில்லை

சிஎஸ்எஸ் பைலையும் எச்டிஎம்எல் என்றே சொல்லி அனுப்புகிறீர்கள். பைலின் வால் பெயரைப் பார்த்து வகை சொல்ல வேண்டும். பைதானின் ‘மைம்டைப்ஸ்’ அதைச் செய்யும், ஆனால் வின்டோஸில் அது ரெஜிஸ்ட்ரியையும் (வின்டோஸின் அமைப்புப் பதிவேடு) கேட்கும். வேறு ஏதோ மென்பொருள் அங்கே கைவைத்திருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் பைலை வெறும் டெக்ஸ்ட் என்று சொல்லிவிடும். மொடியூலாக ஏற்றும் ஸ்கிரிப்டைப் பிரவுசர் அப்படி ஏற்காது. பத்துப் பன்னிரண்டு வகையை நீங்களே ஓர் அகராதியில் எழுதி வைப்பது நல்லது. பக்கம் திறக்காமல் டவுன்லோட் ஆவதும் இதே நோய்.

பைல் இருக்கிறது, 404 வருகிறது

சேர்வர் எந்தப் பாதையைத் தேடுகிறது என்று திரையில் அச்சிடுங்கள். பாதி விடை அங்கேயே இருக்கும்.

எல்லாமே 404 என்றால் பாதையை இணைக்கும் இடம். கோரிக்கை சாய்கோட்டில் தொடங்கும். ‘பாத் ஜொயின்’ அப்படித் தொடங்கும் இரண்டாவது பகுதியைக் கண்டால் முதல் பகுதியைத் தூக்கி எறிந்துவிடும், உங்கள் போல்டர் காணாமல் போகும். முன்னால் உள்ள சாய்கோடுகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு இணையுங்கள். ஒன்றை மட்டும் நீக்கினால் போதாது.

கேள்விக்குறியோடு வரும் முகவரி என்றால் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதை வெட்டுங்கள். வின்டோஸில் ஓடி லினக்ஸில் ஓடவில்லை என்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. கமெராக்கள் படத்துக்கு ‘ஜேபிஜி’ என்று பெரிய எழுத்தில் வால் வைக்கும். வின்டோஸ் வால் பெயரை மறைப்பதால் ‘இன்டெக்ஸ் டொட் எச்டிஎம்எல் டொட் டிஎக்ஸ்டி’ என்று ஒரு பைல் ஒளிந்திருக்கவும் கூடும்.

போல்டரைக் கேட்டால் வரும் பக்கத்தில் படங்கள் மட்டும் 404 என்றால், முகவரியின் முடிவில் சாய்கோடு இல்லை. சாய்கோடு சேர்த்து 301 (நிரந்தரமாக இடம் மாறியது) கொண்டு திருப்பிவிடுங்கள். 301-ஐப் பிரவுசர் நெடுநாள் நினைவில் வைத்திருக்கும் என்பதால், சோதிக்கும்வரை 302 (தற்காலிகமாக மாறியது) போடுவது புத்தி.

தமிழ்ப் பெயர்தான் சுவாரசியமானது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் முகவரியில் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக வரும். ‘மட்டக்களப்பு’ 108 எழுத்து. ‘அன்குவோட்’ செய்து (சதவீதக் குறிகளைத் திரும்ப எழுத்தாக்கி) மீட்டால்தான் பைல் கிடைக்கும்.

மீட்ட பிறகும் ‘கொக்கட்டிச்சோலை’ பக்கம் 404, ‘பாசிக்குடா’ பக்கம் வருகிறது என்று வையுங்கள். கண்ணுக்குப் பெயரில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, பைட்டில் வேறு வேறு. பைலுக்குப் பெயர் வைத்தவரின் விசைப்பலகை ஒரு மாதிரி, சுட்டியை எழுதியவருடையது இன்னொரு மாதிரி. பழைய மக்கில் இருந்து வந்த பைல்களில் பிரித்த வடிவமே இருக்கும். ‘பாசிக்குடா’ தப்பிக்கக் காரணம் அதில் ஒகர ஓகாரம் இல்லை. போல்டரில் உள்ள பெயர்களையும் கேட்ட பெயரையும் ‘யுனிகோட்டேட்டா’ மூலம் என்எஃப்சி (சேர்த்து எழுதும்) வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால் பொருந்தும்.

அதற்கும் மசியாத ஒன்று ஔகாரம். ‘மௌனம்’ என்பதில் கொம்புக்குப் பின்னால் ‘ள’ எழுத்தையே அடித்துவைப்பார்கள். அது வேறு எழுத்து, எந்தச் சமன்பாடும் சேர்க்காது. பெயரைத் திருத்தத்தான் வேண்டும்.

திருத்தினேன், பழைய பக்கமே வருகிறது

கர்லில் புதியது வந்தால் பிரவுசரின் சேமிப்பு. ‘கேஷ்-கொன்ட்ரோல்: நோ-கேஷ்’ ஹெடர் சேருங்கள்.

பைல் கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லும் ‘லாஸ்ட்-மொடிஃபைட்’ அனுப்பி 304 (மாறவில்லை) பதிலும் எழுதியிருக்கிறீர்கள் என்றால் நேரத்தைப் பாருங்கள். அந்த ஹெடர் ஜிஎம்டி நேரத்தில் இருக்க வேண்டும். நம் மணிக்கூடு அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. இலங்கை நேரத்தை அப்படியே எழுதி ஜிஎம்டி என்று முத்திரை குத்தினால், காலை 10 மணிக்கு வைத்த பைலைப் பின்னேரம் 3.30-க்கு வைத்ததாகச் சொல்கிறீர்கள். 11 மணிக்கு அதைத் திருத்தினால், ‘3.30-க்குப் பிறகு மாறியதா?’ என்று பிரவுசர் கேட்கும், இல்லை என்று உங்கள் சேர்வர் 304 கொடுக்கும். 3.30-க்குப் பிறகு திருத்தியது மட்டும் தெரியும். காலையில் செய்த திருத்தம் தெரியவில்லை, பின்னேரம் செய்தது தெரிகிறது என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். பைதானின் ‘பார்மட்டேட்’ சரியான வடிவில் தரும், ஜிஎம்டி வேண்டும் என்று கேட்க வேண்டும்.

ஐபோனில் வீடியோ மட்டும் ஓடவில்லை

சபாரி வீடியோவைத் துண்டு துண்டாகக் கேட்கும். ‘ரேஞ்ச்’ ஹெடரை வாசித்து 206 (ஒரு பகுதி மட்டும்) பதிலும் ‘கன்டென்ட்-ரேஞ்ச்’ ஹெடரும் கொடுக்க வேண்டும். 0 முதல் 499 வரை என்றால் 500 பைட், இரு முனையும் சேர்த்தி. எண்ணிக்கை ஒன்று பிசகும் இடம் இதுதான்.

ஒரு அறிகுறியும் இல்லாத பிழை

எல்லாம் சரியாக ஓடுகிறது. ஆனால் முகவரியில் இரட்டைப் புள்ளியும் சாய்கோடும் போட்டு உங்கள் போல்டருக்கு வெளியே ஏறிப் போகலாம். மண்டபத்தில் இருக்கும் யாரும் உங்கள் லப்டொப்பின் மற்றப் பைல்களை எடுக்கலாம். ரூட் ஆகி ஓடவிட்டால் எல்லாப் பைலையும் எடுக்கலாம்.

பிரவுசரில் சோதித்தால் அது இரட்டைப் புள்ளியைத் தானே சுருக்கிவிடும், உங்கள் சேர்வர் நல்ல பிள்ளையாகத் தெரியும். கர்லில் ‘பாத்-அஸ்-இஸ்’ என்ற விருப்பத்தோடு அனுப்புங்கள். இரட்டைப் புள்ளியைச் சதவீதக் குறியில் மறைத்தும் ஒருமுறை, தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு போட்டும் ஒருமுறை. வின்டோஸ் என்றால் பின்சாய்கோட்டிலும்.

திருத்தும் வரிசை முக்கியம். முதலில் சதவீதக் குறிகளை மீட்க வேண்டும், பிறகு போல்டரோடு இணைத்து ‘ரியல்பாத்’ (இரட்டைப் புள்ளி எல்லாம் தீர்ந்த உண்மையான பாதை) எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் போல்டருக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீட்பதற்கு முன் பார்த்தால் மறைத்து வந்தது நுழைந்துவிடும். பார்க்கும்போதும் பெயர் எப்படித் தொடங்குகிறது என்று மட்டும் ஒப்பிடாதீர்கள். ‘ஊர்’ என்ற போல்டருக்குப் பக்கத்தில் ‘ஊர்-பழையது’ இருந்தால் அதுவும் ‘ஊர்’ என்றுதானே தொடங்குகிறது? ‘கொமன்பாத்’ கொண்டு ஒப்பிடுங்கள். வெளியே போவது எதுவானாலும் 404. லினக்ஸில் பயனர் பட்டியல் பைலைக் கேட்டு அது திரையில் வந்துவிட்டால், கோடைத் திறப்பதற்கு முன் சேர்வரை நிறுத்துங்கள்.